வெள்ளைப் பித்தளை

நம் நாணயச் சங்கத்தின் போன மாதக் கூட்டத்தில் அந்த ரூபாய் கை மாறி என்னிடம் வந்தபோது நான் அதைத் தொடவில்லை. தட்டோடு பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிட்டேன். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். “அச்சு தப்பின பிழைக்காசு என்றால் உங்களுக்கு உயிராச்சேம்மா, இன்னிக்கு என்ன கோபம்?” என்று நம் செயலாளர் கேட்டார். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தேன். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அது ஊமை ரூபாய். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. வெள்ளிப் பாளத்தை உருளையில் விட்டுத் தகடாக்கும்போது உள்ளே துளி காற்றோ அழுக்கோ மாட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டில் வெட்டிய வில்லைக்கு நடுவே ஒரு பிளவு இருக்கும். அதன் மேலேயே ராஜா தலையை அடித்து அனுப்பிவிடுவார்கள். பார்வைக்கு ஒரு குறை சொல்ல முடியாது, எடையும் சரியாக இருக்கும். கல்லில் போட்டால் மட்டும் கணீரென்று வராது, பொத்தென்று விழும். இப்போது நீங்கள் அதற்கு மூன்று பங்கு விலை கொடுத்து வாங்கி, பஞ்சில் வைத்து, பெயர் எழுதி ஒட்டுகிறீர்கள். ஒட்டுங்கள், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. நீங்களும் நானும் கிரீடம் வைக்காத மொட்டைத் தலை ராஜா போட்ட காலணாவுக்கு வேர்க்கடலை வாங்கித் தின்றவர்கள்தான். ஆகவே உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றிற்று. எனக்கு இன்னமும் முழுதாக விளங்காத விஷயம் இது. விளங்கினவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

என் நைனா ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் ரூபாய் பார்க்கிறவராக இருந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் செய்த வேலைக்குச் சராப்பு என்று பெயர். மதராஸிலிருந்து வரும் பணப்பையைப் பிரித்து, ஒவ்வொரு ரூபாயாகக் கட்டைவிரலால் சுண்டிக் கருங்கல் பலகையில் விழவைத்து, காதால் கேட்டு, நல்லது கெட்டது சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்காகக் கிடங்கு மூடியிருக்கும். ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் கூலி. அன்று மத்தியானம் முழுக்கக் கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் குழிப் பக்கம் மரக்கட்டையில் தோலைப் போட்டு முடி சுரண்டிக்கொண்டிருக்கிற ஆட்கள்கூட, நடுவே ஒரு பொத் கேட்டால் கத்தியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கெட்ட ரூபாய் அகப்பட்டால் ஒரு வழக்கம் உண்டு. அது மறுபடி ஊரைச் சுற்றக் கூடாது என்று உளி வைத்து இரண்டாக வெட்டிவிடுவார் நைனா. வெட்டின துண்டுகளை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வீசுவார். உள்ளே செம்பு சிவந்து தெரியும், ஈயம் மங்கலாகத் தெரியும், பித்தளை மஞ்சளாக இளிக்கும். “பாத்துக்கங்கப்பா!” என்பார். ஒரு தடவைகூட அவர் தப்பினதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. என் நைனா சொன்னால்தான் வெள்ளி வெள்ளி ஆகிறது என்று நான் நிஜமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானச் சோற்றைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. பாலாற்று மணல் காலைச் சுடும். கிடங்கை நெருங்கும்போதே ஊறுகிற தோலின் நாற்றமும் சுண்ணாம்புக் காரமும் மூக்கில் ஏறும். அதைத் தாண்டினால், தோலைப் பதமாக்க ஆவாரம்பட்டை ஊறுகிற தொட்டிகளின் புளிப்பு வாடை. மற்ற பெண்கள் என் தலைமுடியை முகர்ந்துவிட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தப் பட்டை வாடை பிடிக்கும். இப்போதும் எங்காவது வந்தால் நின்றுவிடுவேன்.

சோறு கொண்டுபோனதற்குக் கூலியாக நைனா எனக்குக் கோணல் காசு தருவார். கடைக்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய செப்புக் காசுகள் அவை. ராஜாவின் மூக்கு வரைக்கும் வந்து முகம் நின்றுபோன காலணா ஒன்று இருந்தது. கழுத்தில் கட்டி வந்தவர் மாதிரி ராணி தெரிகிற காசு ஒன்று. ஒரு தம்பிடியில் எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். “இது ஏன் நைனா இப்டி இருக்குது?” என்று கேட்டால், “அச்சு நழுவிடுச்சி, அவ்ளோதான். அடிக்கிறவனும் மனுஷன்தான பாப்பா?” என்று சிரிப்பார். நாணயச்சாலை தப்புப் பண்ணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் எனக்குப் புரியாத இடமே இதுதான்.

கிடங்குக்குப் பட்டை கொண்டுவருகிறவர்களில் ஒரு அம்மாள் இருந்தாள். ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்து ஊர். வியாழன்தோறும் மாட்டு வண்டியில் பட்டைக் கட்டுகளோடு வந்து இறங்குவாள். கணவர் இல்லை, ஒரே மகன். மீசை முளைத்த ஆள்தான், ஆனால் என்னிடம் விளையாடாமல் விடமாட்டான். “இன்னா சராப்பு பாப்பா, நான் நல்ல ரூபாயா கள்ள ரூபாயா? சுண்டிப் பாத்துச் சொல்லு” என்று குனிந்து நெற்றியைக் காட்டுவான். நான் சுண்டுவேன். “கணீர்!” என்று அவனே கத்துவான். பட்டைக்காரம்மா தலையில் அடித்துக்கொள்வாள். “பொண்ணு பாக்கப் போற வயசுல கூத்தப் பாரு” என்பாள். ஆவாரம்பூவை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டுவிட்டுப் போவாள்.

அது பங்குனி மாதம். ஒரு சனிக்கிழமை நான் சோற்றோடு போனபோது நைனாவின் கல்லுக்கு முன்னால் கூட்டம். பட்டைக்காரம்மா நின்றுகொண்டிருந்தாள். முதலாளி சாயபு தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார். நான் கூட்டத்துக்குள் நுழைந்து வழக்கம்போல நைனாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். வியாழக்கிழமை நைனா கொடுத்த ரூபாயை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக் காலையில் உப்பும் எண்ணெயும் வாங்கிவர மகனிடம் கொடுத்தாள். கடைக்காரர் கல்லில் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டெறிந்திருக்கிறார். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வந்திருந்தாள். அவளுக்கு அது ஒரு வாரத்துச் சோறு.

நைனா அதைச் சுண்டினார். பொத்.

மறுபடி சுண்டினார். பொத்.

“இது நான் குடுத்தது இல்ல” என்றார்.

“நீங்க குடுத்ததுதான் சாமி. நான் வேற ரூவாய்க்கு எங்க போவேன்?”

“என் கல்லுல விழுந்த ரூபாய் எதுவும் இப்டிப் பேசாது. எங்கியோ மாத்திட்டு வந்து எங்கிட்ட குடுக்கறீங்க.”

முதலாளி குறுக்கே வந்தார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். “அட இன்னா பேஜாரு இது? வெட்டிப் பாத்துடு. உள்ளார தெரிஞ்சிடப் போவுது.”

நைனா உளியை எடுத்தார். ஒரே அடி. ரூபாய் இரண்டாகப் பிளந்தது. அவர் உள்ளங்கையில் எடுத்து ஒரு கணம் பார்த்தார். நானும் பார்த்தேன், என் முகத்துக்கு நேரேதான் இருந்தது அந்தக் கை. வெட்டின இடம் முழுக்க வெள்ளையாக இருந்தது. நடுவில் மட்டும் நகத்தால் கீறின மாதிரி கறுப்பாக ஒரு கோடு.

நைனா கையை மூடிக்கொண்டார். “பித்தளை” என்றார்.

முன்னால் வீசவில்லை. “பாத்துக்கங்கப்பா” என்றும் சொல்லவில்லை. துண்டுகள் அவர் இடுப்பு மடியில் போய்விட்டன.

“காட்டு சாமி, நான் பாக்கணும்” என்றாள் பட்டைக்காரம்மா.

“இன்னாத்தப் பாக்கறது? பித்தளன்னு சொல்றேன் இல்ல?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். அப்புறம் அவள் கண் என் மேல் விழுந்தது. “கொழந்த பாத்துச்சே! கண்ணு, நீ பாத்தல்ல? இன்னா இருந்திச்சி சொல்லும்மா.”

முதலாளியும் என்னைப் பார்த்தார். “ஆமா, கொழந்த பொய் சொல்லாது. பயப்படாத பேட்டா, சொல்லு.”

நான் திருதிருவென்று முழித்தேன். நைனா என்னைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். என் மண்டைக்குள் ஓடியது வேறு. நைனா தப்பாகச் சொல்லமாட்டார். நான் பார்த்தது வெள்ளை. அப்படியானால் வெள்ளையாக ஒரு பித்தளை இருக்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

“பித்தளை” என்றேன்.

பட்டைக்காரம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபப்படவில்லை, சாபம் விடவில்லை. “நீ சொன்னா சரி கண்ணு” என்றாள். தலைச்சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் இவர்கள் பட்டை நமக்கு வேண்டாம் என்று முதலாளி மேஸ்திரியிடம் சொன்னார். அந்தப் பேச்சு மற்றக் கிடங்குகளுக்கும் போகாமல் இருக்குமா? ஒரே வாரத்தில் ஊரில் யாரும் அவளிடம் பட்டை வாங்கவில்லை.

அன்றைக்கு நைனா நான் கேட்காமலே கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். பண்டிகையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பேராசையோடு தின்றேன். அவர் எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாருக்குதா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

அப்புறம்தான் எனக்குக் குடைச்சல் ஆரம்பித்தது. வெள்ளைப் பித்தளை எப்படி இருக்கும் என்று யாராவது காட்டினால் நிம்மதியாக இருக்கும் போல் இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். “வேலையப் பாருடி” என்றாள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். நம்பாமல் பாத்திரக்கடைக்காரரிடமே போய், “வெள்ளப் பித்தள ஒரு துண்டு இருக்குதா?” என்று கேட்டேன். அவர் கடையே அதிரச் சிரித்தார். “கறுப்புப் பாலு இருக்குது, வேணுமா?” என்றார். அங்கே இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஏன் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டுக்கு வந்து டப்பாவிலிருந்த கோணல் காசுகளை எல்லாம் தரையில் கொட்டி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டப்பா பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியாது. நைனா அதற்கப்புறம் எனக்குக் கோணல் காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் வேலையிலும் ஒரு மாறுதல். ஒரு ரூபாயை ஒரு தடவை சுண்டுகிறவர் இரண்டு தடவை, மூன்று தடவை சுண்டினார். கூலி கொடுக்க நேரமாயிற்று. ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

இப்போது யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. தராசு அவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நிறுத்துப் பார்த்திருந்தால் உளியே வேண்டாம். வியாழக்கிழமை அத்தனை நூறு ரூபாயைச் சுண்டினதில் ஒன்று காதை ஏமாற்றிவிட்டது என்று ஒப்புக்கொண்டிருந்தால் யார் தலை போயிருக்கும்? முதலாளி நாலு வார்த்தை சொல்லியிருப்பார். ஆனால் வெட்டின பிறகு அவர் மூன்று தப்புக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். ஊமையைக் கவனிக்காமல் கொடுத்தது ஒன்று. நல்ல ரூபாயைக் கள்ள ரூபாய் என்றது ஒன்று. அதை எல்லோர் முன்னாலும் வெட்டிப் பாழாக்கினது ஒன்று. தப்பாத காது என்று பெயர் எடுத்த மனிதருக்கு அந்த மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்க முடியவில்லை. இது என் கணக்கு. அவர் மனசில் என்ன இருந்ததோ. அச்சடிக்கிறவனை மனுஷன் என்று மன்னித்தவருக்குத் தன்னை அப்படி நினைக்கத் தோன்றவில்லையே, அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனி மாதம் காட்பாடியில் ஒரு கல்யாண நிச்சயம். நானும் நைனாவும் கிளம்பினோம். ஆம்பூர் ஸ்டேஷனில் என்னை மூட்டைகளோடு உட்கார வைத்துவிட்டு அவர் டிக்கெட் வாங்கப் போனார். டிக்கெட் ஜன்னலில் நல்ல கூட்டம். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு அம்மாள் நாவல்பழக் கூடையோடு பிளாட்பாரத்தில் வந்தாள். கிட்டே வந்தபிறகுதான் தெரிந்தது. பட்டைக்காரம்மா. பாதியாக இளைத்திருந்தாள்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கூடையை இறக்கி, நல்லதாகப் பார்த்து ஒரு கை பழம் எடுத்து என் பாவாடையில் போட்டாள்.

“நல்லாக்கீறியா கண்ணு? பள்ளிக்கூடம் போறியா?”

தலையை ஆட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எதுக்கும் இன்னொரு தபா கேட்டுக்கறேன் கண்ணு. கோவிச்சிக்காத. அது நெசமாவே பித்தளதான?”

நான் பாவாடையில் கிடந்த பழத்தை உருட்டினேன்.

“ஏன் கேக்கறேன்னா, நான் மாத்தல. அது எனக்குத் தெரியும். கொழந்த நீயும் பொய் சொல்ல மாட்ட. அப்ப ரூவாயத் தொட்டது வேற யாரு? எம்மவன்தான். அவந்தான் கடைக்கு எடுத்துட்டுப் போனான். நல்ல ரூவாய எவங்கிட்டயோ குடுத்து ஏமாந்துட்டு, இல்ல தானே முழுங்கிட்டு, பித்தளய எங்கையில குடுத்துட்டான்னு நெனச்சேன். இல்லம்மா இல்லம்மான்னு அழுதான். சராப்பு பாப்பாவே சொல்லிச்சிடா, உனக்கு வாய் வேறயான்னு வெளக்கமாத்தால அடிச்சேன். மூஞ்சில முழிக்காத போடான்னுட்டேன். போய்ட்டான். கோலாருல தங்கச் சுரங்கத்துல கீறான்னு எங்கூரு ஆளு ஒருத்தன் சொல்றான். எறங்கினவங்க எல்லாம் ஏறி வர்றாங்களாமா, இன்னாவோ.”

அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “பித்தளதான கண்ணு? நான் அடிச்சது சரிதான?”

நான் அன்று யோசித்தது ஒன்றே ஒன்று. இவள் பாவம், இவள் கேட்பதற்கு இதமாக ஒரு பதில் சொல்ல வேண்டும். எது இதம்? மகன் நல்லவன் என்றால் சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தோன்றிற்று. எட்டு வயசு மூளைக்கு அதற்கு மேல் எட்டவில்லை.

“வெள்ளையாத்தான் இருந்திச்சி” என்றேன். “உள்ளார முழுக்க வெள்ள. நடுவுல ஒரு கறுப்புக் கோடு, அவ்ளோதான். நைனா பித்தளன்னு சொன்னாரு, அதனால நானும் சொன்னேன்.”

அவள் சந்தோஷப்படவில்லை. நான் பொய் சொன்ன அன்று அழாதவள், இப்போது வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல், முன்னும் பின்னும் ஆடினாள். “வெள்ளையா?” என்றாள். “முழுக்கவா?” என்றாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உண்மையைச் சொன்னால் நல்லது நடக்கும் என்றுதானே எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் ஏதோ இன்னும் பெரிய தப்பைச் செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அவள் எழுந்தாள். “கோலாரு எந்தப் பக்கம் கண்ணு?”

எனக்குத் தெரிந்த ரயில் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும். கையை நீட்டிக் காட்டினேன். அவள் பிளாட்பாரத்தின் கோடி வரை போய், இறங்கி, தண்டவாளத்து ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். கூடையை எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை.

நைனா டிக்கெட்டோடு வந்தார். “யாருது இந்தக் கூடை?”

“பட்டக்காரம்மாது.”

அவர் முகம் செத்துவிட்டது. “இன்னா கேட்டாங்க?”

“பித்தளதானான்னு கேட்டாங்க. வெள்ளன்னு சொல்லிட்டேன் நைனா.” அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விழவில்லை. மகனை அவள் துரத்தினதையும் அவன் கோலாருக்குப் போனதையும் அழுதுகொண்டே சொன்னேன். “இப்ப அவனத் தேடி நடந்தே போறாங்க. வழி கேட்டாங்க, நான் காட்டுனேன்.”

“எந்தப் பக்கம் காட்டின?”

மறுபடி கையை நீட்டினேன்.

“ஐயோ பாப்பா, அது காட்பாடிப் பக்கம்!” என்றார். கோலாருக்கு ஜோலார்பேட்டை வழியாக, நேர் எதிர்ப்பக்கம் போக வேண்டும். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நைனா தண்டவாளத்தில் குதித்து ஓடினார். கிடங்கில் குரல்கூட உயர்த்தாத மனிதர். “ஏம்மா! ஏம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். எங்கள் வண்டி வந்தது, நின்றது, போயிற்று. நான் மூட்டைகளுக்கும் கூடைக்கும் காவலாக உட்கார்ந்திருந்தேன்.

நெடுநேரம் கழித்து, அவள் அகப்படாமல், அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். முழங்காலில் ரத்தம். என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அது வெள்ளிதான் பாப்பா.”

எனக்குத்தான் தெரியுமே. நான் அவரிடம் கேட்கவே இல்லை.